மஞ்சள் பாட்டிலுக்குத் திருநீறு

இப்படி உட்காருங்க அக்கா. கட்டைப்பையைக் குடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். முகூர்த்த நாள், இந்த சீட்டை விட்டா மதுரை வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும்.

நான் அழகுமீனா. நத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒடுவம்பட்டி. அந்தா முன்னாடி ரெண்டாவது சீட்டுல பச்சைச் சேலை, கொண்டையில கனகாம்பரம், தெரியுதா? அது எங்க மதினி, அங்கம்மா. என் வீட்டுக்காரரோட கூடப் பிறந்த அக்கா. அது மடியில தூங்குறது என் மக தர்ஷிகா, நாலு வயசு. இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை, கால்ல சாக்ஸ். எல்லாம் மதினி வேலை. பெத்தவ நான் உங்க பையை மடியில வச்சுக்கிட்டு இங்க இருக்கேன், புள்ளை அங்க இருக்கு. ஏன்னு கேட்பீங்க. சொல்றேன். கொஞ்சம் மெதுவா சொல்றேன், மதினிக்குப் பாம்புக் காது.

நான் வேலை பார்க்கிறது ஈ ஆபீஸ்ல. சிரிக்காதீங்க, எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ஊருக்கு வெளியே பழைய மாட்டாஸ்பத்திரிக் கட்டடம் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. சித்திரையில மதுரை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்து வெள்ளையடிச்சு, ஃபிரிட்ஜ், மைக்ராஸ்கோப், சுத்துற மிஷின், சூட்டுப்பெட்டி எல்லாம் இறக்கினாங்க. ரகோத்தமன் சார் பெரியவர். ஜெபராணி மிஸ் நாகர்கோவில் பக்கம், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவங்க. மூணாவது ஆள் நான்.

அவங்க தேடி வந்தது மணல் ஈ. மணலுக்கும் அதுக்கும் பழக்கமே கிடையாது, யாரு பேரு வச்சாங்களோ. மண்சுவர் விரிசல், சாணி ஈரம், இருட்டு, இது மூணும் இருந்தா குடும்பத்தோட தங்கிரும். கொசுவுல கால்வாசிதான் இருக்கும். ரெக்கையை மடக்காம நட்டுக்குத்தலா தூக்கி வச்சுக்கிட்டு, பறக்கச் சொன்னா தத்தும். விடியக்காலையில டார்ச் அடிச்சு, கண்ணாடிக் குழாயால அதை உறிஞ்சிப் பிடிக்கணும். ஆமாக்கா, வாயாலதான். குழாய்க்கு நடுவுல வலைத்துணி இருக்கு, ஈ வயித்துக்குள்ள போகாது. முதல் நாள் எங்க வீட்டுக்காரர் எனக்குத் தனித்தட்டு எடுத்து வச்சார். அப்புறம் பழகிட்டார்.

அந்த ஈ ஊர்லயே அதிகமா இருந்த இடம் எங்க மதினி வீட்டு மாட்டுக்கொட்டம். தெற்குச் சுவர்ல ஒரு விரிசல், என் முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும் நீளம். அந்த விரிசல்தான் எனக்குப் படியளந்துச்சுன்னு வச்சுக்கங்களேன். சாயங்காலம் ஆனா தர்ஷிகாவும் அங்கதான் கிடக்கும். கன்னுக்குட்டி கழுத்தைக் கட்டிக்கிட்டு, மதினி கறந்து குடுக்கிற பாலைக் குடிச்சுக்கிட்டு, இருட்டினாலும் வராது.

பிடிச்சுட்டுப் போன ஈயை மிஸ் அரைச்சு, வடிகட்டி, ஒரு பாட்டிலுக்குள்ள விடுவாங்க. அந்தப் பாட்டில்ல என்ன இருக்கும்கிறீங்க? குரங்கோட கிட்னி செல்லு. குரங்கு எங்க மிஸ்னு கேட்டேன். குரங்கு செத்து அறுபது வருஷம் ஆச்சாம், செல்லு மட்டும் உலகம் பூராவும் பாட்டில் பாட்டிலா வளருதாம். கேட்டதுல இருந்து அந்தப் பாட்டிலுங்க மேல எனக்கு ஒரு பாசம். தாயும் இல்லாம, உடம்பும் இல்லாம, கிட்னி மட்டும் தனிக்குடித்தனம் நடத்துது பாருங்க.

ஒரு நாள் மூணு பாட்டில்ல செல்லு மொத்தமும் செத்துப்போச்சு. நான் பயந்துட்டேன். மிஸ் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. "அக்கா, ஈக்குள்ள ஏதோ வைரஸ் இருக்கு." அதைப் படம் பிடிக்க மதுரைக்கு அனுப்பினாங்க. வந்த படத்துல எள்ளுருண்டை மாதிரி உருண்டை உருண்டையா இருந்துச்சு. அதோட ஜாதகத்தையும் எடுத்துப் பார்த்தாங்க. உலகத்துல இருக்கிற எந்தக் கிருமியோடவும் பொருந்தல. புதுசு. கண்டுபிடிச்ச ஊர்ப் பேரை வைக்கிறதுதான் வழக்கம்னு சார் வாய்தவறிச் சொல்லிட்டார். மறுநாளே ஊர்க்கூட்டம். ஒடுவம்பட்டிப் பேரை வச்சா எவன் பொண்ணு குடுப்பான், எவன் பொண்ணு எடுப்பான்னு சண்டை. கடைசியில வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊர்ப் பேரை வைக்கணும்னு கையெழுத்து வாங்கி சார்கிட்ட மனுவே குடுத்தாங்க. அந்த ஊரோட எங்களுக்குக் கண்மாய்த் தகராறு.

சார் இன்னும் அதுக்கு நம்பர்தான் வச்சிருக்கார்.

அது கிடக்கட்டும். ஆடி மாசம் தர்ஷிகாவுக்குக் காய்ச்சல். உடம்பு தணலாக் கொதிச்சு, மூணாம் நாள் வெட்டு வந்து, கை கால் இழுத்து, கண்ணு மேல சொருகிருச்சு. பெரியாஸ்பத்திரியில ஒன்பது நாள். பொழைச்சு வந்துச்சு, ஆனா என்ன காய்ச்சல்னு யாரும் பேர் சொல்லல. பேர் சொன்னது மதினிதான். தண்ணிக் குழாயில குடத்தை வச்சுக்கிட்டு நிக்கிறேன், தெருவே நிக்குது.

"ஏண்டி மீனா, ஊர்ல உள்ள ஈயெல்லாம் வாயால உறிஞ்சிட்டு, அதே வாயால புள்ளைக்கு முத்தம் குடுத்தா காய்ச்சல் வராம கனகாபிஷேகமா வரும்?"

நான் எதையும் சிரிச்சுத் தள்ளுறவ அக்கா. அன்னைக்கு சிரிப்பு வரல. தெருவுல புள்ளைங்களை என் வீட்டுப் பக்கம் விடல. எங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அவரே சொன்னார், "ஆயுதபூஜை வரைக்கும் போ, அதோட நின்னுக்க." வேலை போனாப் போகட்டும். ஆனா மதினி சொன்னது நெசமா இருந்தா? நானே என் புள்ளைக்குக் கொண்டுவந்து குடுத்திருந்தா? பாத்திரம் விளக்கும்போதும் அதே நினைப்பு, துணி துவைக்கும்போதும் அதே நினைப்பு. தலைக்குக் குளிச்சுட்டுத்தான் புள்ளைய தூக்குவேன்.

மிஸ்ஸுக்கு என் மூஞ்சியைப் பார்க்கப் பொறுக்கல. "சோதனை பண்ணிரலாம் அக்கா" ன்னாங்க. சித்திரையில ஆபீஸ் திறந்த அன்னைக்கு, ஒரு ஈகூட பிடிக்கிறதுக்கு முன்னாடி, எங்க தெருவுல பத்து வீட்டுல வீட்டுக்கு ஒருத்தர்கிட்ட ரத்தம் எடுத்து உறைய வச்சிருந்தாங்க. மதினி ரத்தமும் அதுல இருந்துச்சு. தர்ஷிகாகிட்டயும் என்கிட்டயும் ஆவணியில எடுத்தாங்க. ஆக பன்னிரண்டு. ஒவ்வொரு ரத்தத்தோடவும் கிருமியைக் கலந்து செல்லு மேல ஊத்துறது. செல்லு பொழைச்சா, அந்த ரத்தம் கிருமியைத் தடுத்துருச்சு, அதாவது அந்த ஆளுக்கு இந்தக் காய்ச்சல் முன்னாடியே வந்து போயிருக்கு. செல்லு செத்தா, வரவே இல்லை. பன்னிரண்டு பாட்டில், மூடியில மார்க்கர் பேனாவால ஒண்ணுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் நம்பர். எந்த நம்பர் யாருன்னு நோட்டுல எழுதினவ நானே. எனக்கு மனப்பாடம்.

அஞ்சாவது நாள் பார்க்கணும். அஞ்சாவது நாள் ஆயுதபூஜை.

சார் பொரியும் கடலையும் வாங்க நத்தம் போனார். போகும்போது, "மீனா, எல்லாத்தையும் ஸ்பிரிட் வச்சுத் துடைச்சு, பொட்டு வச்சு வை" ன்னார். மிஸ் வெளியே போன்ல இருந்தாங்க. நான் ஃபிரிட்ஜுக்கு வச்சேன், மைக்ராஸ்கோப்புக்கு வச்சேன், சுத்துற மிஷினுக்கு வச்சேன். பாட்டில் எல்லாம் இருக்கிற சூட்டுப்பெட்டிக்கும் வச்சேன். அப்புறம் தோணுச்சு, பெட்டிக்கு வச்சா போதுமா, உள்ளதானே உயிர் இருக்கு. கையுறை போட்டுக்கிட்டு பன்னிரண்டையும் வெளிய எடுத்தேன். சாமி படத்துக்கு முன்னாடி துணி விரிச்சு வரிசையா வச்சேன். ஒவ்வொண்ணையும் ஸ்பிரிட் நனைச்ச பஞ்சால பளபளன்னு துடைச்சேன்.

மார்க்கர் மைக்கு ஸ்பிரிட் ஆகாதுன்னு எனக்கு யாரும் சொல்லல அக்கா.

நம்பர் போனதை நான் பெருசா எடுத்துக்கல. எனக்குக் கண்ணுல பட்டது வேற. அஞ்சு பாட்டில்ல தண்ணி மஞ்சளா இருந்துச்சு, ஏழுல நல்ல ரோஸ். மஞ்சள்னா காமாலை, நோயாளிங்க. ரோஸ்னா தெம்பா இருக்கு. என் பாட்டில் ரோஸ். நம்ம ரத்தம் சுத்தம்னு குங்குமம் வச்சேன். மதினி பாட்டில் நல்ல மஞ்சள், எலுமிச்சம்பழம் மாதிரி. மனசுக்குள்ள சிரிச்சேன், ஒத்துக்கிறேன். அப்புறம் பாவம்னு திருநீறு பூசினேன். கடைசியில தர்ஷிகா பாட்டிலைப் பார்த்தா அதுவும் மஞ்சள். அதுக்கு மூணு தடவை பூசினேன். பேரைச் சொல்லிப் பூசினேன்.

மிஸ் உள்ள வந்தாங்க. பார்த்தாங்க. அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க.

"அக்கா, நம்பர் எங்க?"

"துடைச்சாச்சு மிஸ்."

"எது யாரோடதுன்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியுமே" ன்னேன். "இது மதினி. இது பூசாரி வீடு. இது ஆட்டுக்காரர் வீடு. இந்தா, இது நான், பக்கத்துல தர்ஷிகா."

சார் பொரி மூட்டையோட வந்து நின்னார். கதையைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார்.

"எதை வச்சு அடுக்கின?"

"பொங்கல் பானை வரிசை சார். முத்தாலம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது எங்க தெருவுல எந்த வீட்டுப் பானை எங்க இருக்கணும்னு ஒரு வரிசை இருக்கு. மதினி வீட்டுக்கு முதல் பானை. சாமிக்கு முன்னாடி எங்க தெருவை வேற எப்படி சார் வைக்கிறது? ஒவ்வொரு நம்பரையும் பார்த்து, அவங்கவங்க இடத்துல வச்சுட்டுத்தான் துடைச்சேன்."

"வரிசை மாறவே மாறாதா?"

"ஒரு தடவை மாத்திப் பார்த்தாங்க சார். ரெண்டு பேரு இன்னும் கோர்ட்டுக்குப் போய்க்கிட்டு இருக்காங்க."

சார் மிஸ்ஸைப் பார்த்தார். "நம்ம மார்க்கரைவிட இது அழுத்தமா இருக்கும்போலயே" ன்னார். மிஸ் அழுதுக்கிட்டே சிரிச்சாங்க.

மிஸ் ஒவ்வொரு பாட்டிலா மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்த்தாங்க. மஞ்சள் அஞ்சும் உயிரோட இருக்கு. ரோஸ் ஏழும் செத்துப்போச்சு. நான் திருநீறு பூசின அஞ்சும் பொழைச்சுக்கிடுச்சு அக்கா, ஒண்ணு பாக்கி இல்லாம. மிஸ் என்னமோ விளக்கம் சொன்னாங்க. நல்லா இருக்கிற செல்லு தின்னுட்டு தண்ணியை மஞ்சளாக்குமாம், செத்தது எதையும் தொடாம தண்ணியை அப்படியே ரோஸா விட்டுருமாம். அது அவங்க படிப்பு. நான் மறுத்துப் பேசல.

ஆனா சார் ஒத்துக்கல. "பானை வரிசையை வச்சு அறிக்கை எழுத முடியாது" ன்னார். இன்னும் ஒரு தடவை செய்ய மட்டும்தான் ரத்தம் மிச்சம். என் வரிசையை என் கையாலயே எழுதச் சொல்லி, எது மஞ்சள் எது ரோஸ்னு குறிச்சு, கவர்ல போட்டு அரக்கு வச்சு பீரோவுல பூட்டினார். மறுபடியும் முதல்ல இருந்து, எந்த ரத்தம் எவ்வளவு வலுன்னும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி. இந்தத் தடவை நம்பரைக் காகிதத்துல எழுதி ஒட்டினாங்க. சூட்டுப்பெட்டி இருக்கிற ரூமுக்குள்ள நான் போகக் கூடாதுன்னுட்டாங்க. நான் வாசல்ல உட்கார்ந்து பொரியைக் கொறிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த அஞ்சு நாளும் மதினிக்குக் கொண்டாட்டம். "பாட்டில்ல உண்மை தெரியும்னு சொன்னவ பாட்டிலையே துடைச்சுட்டாளாம்ல? கள்ளத்தனம் பண்றவ கைரேகையைத் துடைக்கிற மாதிரி." எங்க வீட்டுக்காரர் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே என் மூஞ்சியைப் பார்க்கல. நான் என்ன பண்ணுவேன். என் புள்ளைக்கு நான் எமனா இல்லையான்னு எழுதியிருக்கு, அது ரூமுக்குள்ள இருக்கு, நான் வாசல்ல இருக்கேன்.

அஞ்சாம் நாள் கவரைப் பிரிச்சாங்க. சார் வாசிக்க வாசிக்க மிஸ் நோட்டைப் பார்த்து டிக் அடிச்சாங்க. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் பொருந்துச்சு. அதே அஞ்சு பொழைச்சுது. பூசை இல்லாமலே பொழைச்சுதேன்னு மிஸ் என்னைச் சீண்டினாங்க. முதல் தடவை நல்லா பூசினது நிக்காமயா போயிரும்?

சார் அன்னைக்கே என்னைக் கூட்டிக்கிட்டு நேரா மதினி வீட்டுக்கு வந்தார். தெருவும் பின்னாடியே வந்துச்சு. அவர் சத்தம் போட்டுப் பேசுறவர் இல்லை. "அம்மா, புள்ளைக்கு வந்தது இந்தக் கிருமிக் காய்ச்சல்தான். ஆனா இந்தப் பொண்ணு ரத்தத்துல அந்தக் கிருமி பட்ட அடையாளமே இல்லை. தன்கிட்ட இல்லாததை இவ எப்படிப் புள்ளைக்குக் குடுப்பா? உங்க ரத்தம் நாங்க ஒரு ஈயையும் பிடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. அதுல அடையாளம் இருக்கு, எல்லாரையும்விட வலுவா இருக்கு. உங்களுக்கு எப்பவோ காய்ச்சல் வந்து போயிருக்கு. ஈ உங்க கொட்டத்துல இருந்துதான் ஆபீஸுக்கு வந்துச்சு, ஆபீஸ்ல இருந்து இங்க வரல."

நான் தலையை நிமித்தி நின்னேன் அக்கா. மதினி ஏதாவது சொல்லும், நாலு வார்த்தை திருப்பிக் குடுக்கலாம்னு வாயில தயாரா வச்சிருந்தேன். அது ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "அப்ப புள்ளைக்கு என் கொட்டத்துல வச்சா கடிச்சுது?"

சார், "இருக்கலாம்மா" ன்னார்.

மதினி எந்திரிச்சு உள்ள போயிருச்சு. தப்புன்னு ஒரு சொல் வந்துச்சுங்கிறீங்களா? எங்க வரும், அந்த வாய்க்கு?

மறுநாள் விடிஞ்சும் விடியாம குழாயைத் தூக்கிக்கிட்டு நான் கொட்டத்துக்குப் போறேன். மதினி முக்காலி போட்டு நிக்குது. கையில கொல்லுக்கரண்டி, சட்டி நிறைய சிமெண்ட். தெற்குச் சுவர் பூராவும் பூசியாச்சு. கீழ இருந்து என் இடுப்பு உசரம் வரைக்கும் ரெண்டு பூச்சு. என் விரிசல் இருந்த இடமே தெரியல. கொத்தனார் வர்ற வரைக்கும்கூடப் பொறுக்கல பாருங்க, அவ்வளவு ஆத்திரம். சிமெண்ட் தூசி விழுந்து கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பு, மூக்கு வழியுது.

"மதினி, என் பொழப்பே அந்த விரிசல்லதானே இருக்கு" ன்னேன்.

"போடி" ன்னுச்சு. திரும்பிக்கூடப் பார்க்கல.

நீங்களே சொல்லுங்க, இது வயித்தெரிச்சல் இல்லாம என்ன? பேச்சுல தோத்ததும் வேலையில கை வச்சிருச்சு. சார் போய்க் கெஞ்சிப் பார்த்தார், ஒரு சாண் சுவரை மட்டும் திறந்து விடுங்கம்மான்னு. "வேற எவ வீட்டுச் சுவத்தையாவது பாருங்க" ன்னுச்சாம். இப்ப தெருவுல மத்த வீட்டுக் கொட்டத்தையும் போய்ப் பூசிக் குடுக்குது, சும்மாவே. எனக்கு ஒரு ஈ மிச்சம் வைக்கக் கூடாதுன்னு கங்கணம். நான் டப்பாவுல வளர்க்கிறதுல நாற்பத்திரண்டு இருக்கு. அதை வச்சுத்தான் ஓட்டுறேன். எங்க வீட்டுக்காரரும் இப்ப வேலையை விட்டு நிக்கச் சொல்றதில்லை.

இதுல இன்னொண்ணு. மதினி ரத்தம் ரொம்ப வலுவாம். நூறு மடங்கு தண்ணி கலந்தாலும் கிருமியைத் தடுக்குதாம். இனிமே காய்ச்சல் வர்ற புள்ளைங்களைச் சோதிக்க அதை அளவுகோலா வச்சுக்கலாம், மதுரைக்கு வந்து ஒரு பாட்டில் குடுங்கன்னு மிஸ் கேட்டாங்க. ஊசின்னா முதல்ல ஓடுறது மதினிதான். மூணு தடவை மாட்டேன்னுச்சு. புள்ளைங்களுக்குன்னு சொன்னதும், "எப்ப வரணும்?" னு கேட்டுச்சாம். பெருமைக்காக ரத்தமே குடுக்கிற ஆளுங்க உண்டு அக்கா, நான் இப்பத்தான் பார்க்கிறேன். அதோட ஒரு நிபந்தனை வேற. தர்ஷிகாவையும் அங்க பெரிய டாக்டர்கிட்ட தலையில இருந்து கால் வரைக்கும் காட்டணுமாம். புள்ளை பேரைச் சொல்லி மதுரையைச் சுத்திப் பார்க்கிற திட்டம்.

பாருங்க, பாருங்க. முந்தானையை எடுத்துப் புள்ளை காலை மூடுது. சாக்ஸ் போட்ட காலுக்கு மேல முந்தானை. மணல் ஈ காத்துக்கு ஆகாதது, ஓடுற பஸ்ல ஏறாது, அதை வளர்க்கிறவ நான் சொல்றேன். சொன்னா கேட்குதா? கொட்டத்துப் பக்கமே புள்ளைய விடுறதில்லை. கன்னுக்குட்டியை நம்ம வாசலுக்கு ஓட்டிக்கிட்டு வந்து விளையாட்டுக் காட்டுது. என் வேலையைக் கெடுத்தது பத்தாதுன்னு, புள்ளையையும் என்கிட்ட இருந்து இழுக்குது.

ஊமச்சிகுளம் வந்துருச்சா? அப்ப மதுரை கிட்ட வந்தாச்சு. இருங்க, மதினி திரும்புது. சிரிங்க அக்கா, நாம சும்மா ஊர்க்கதை பேசுற மாதிரி இருக்கட்டும்.

என்னமோ குடுத்து விடுது. அந்தா, கை மாறிக் கை மாறி வருது. எனக்குத்தான். கடலைப் பொட்டலம். அவிச்சது. தோலையும் உரிச்சே குடுத்திருக்கு, அதுதான் நத்தத்துல இருந்து குனிஞ்ச தலை நிமிராம என்னமோ செஞ்சுக்கிட்டு வந்துச்சு. சுவரு பூசின நாள்ல இருந்து இப்படித்தான், எதையாவது நீட்டிக்கிட்டே இருக்கு, என் முகத்தைப் பார்க்காம. என்ன உள்நோக்கமோ, எனக்கு இன்னும் பிடிபடல.

எடுத்துக்கங்க அக்கா. இன்னும் லேசா சூடு இருக்கு.